குறைஞ்சிருக்கா? வீட்டில் சென்சரி தெரபி செய்யும்போது குழந்தையின் மாற்றத்தைக் குறித்து வைப்பது எப்படி

தொடுதல், சத்தம், அசைவு மாதிரி புலனுணர்வுகளைக் குழந்தை சமாளிக்க உதவும் சென்சரி தெரபியை வீட்டில் தொடங்கி மூன்று வாரம் ஆனதும் எங்கள் தெரபிஸ்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முன்னாடி இருந்ததைவிட குறைஞ்சிருக்கா?"

என் கையில் ஒரு டயரி இருந்தது. ஒரு நாள்கூட விடாமல், மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியது. புரட்டிப் பார்த்தேன். ‘இன்று ரொம்ப அழுதாள்.’ ‘காலையில் பரவாயில்லை.’ ‘சாயங்காலம் தாங்க முடியவில்லை.’ ‘இன்று சமத்தாக இருந்தாள்.’ எல்லாமே உண்மைதான். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் அதில் எங்குமே இல்லை. ‘ரொம்ப’ என்றால் எத்தனை தடவை? போன வார ‘ரொம்ப’வும் இந்த வார ‘ரொம்ப’வும் ஒன்றா? எனக்கே தெரியவில்லை.

"சரி, இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முதலில் எண்ணுவோம், அப்புறம் தொடங்குவோம்" என்றார் அவர். அன்றிலிருந்து 16 வாரம் வேறு விதமாகக் குறித்து வைத்தேன். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. உடையின் உள்ளே தைத்திருக்கும் லேபிள், தலைக்கு ஊற்றும் தண்ணீர், பொது இடத்துக் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம் எதுவும் அவளுக்கு ஆகாது. அதே குழந்தை சோஃபாவின் மேல் போய் முட்டி முட்டி விழுவாள், இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுவாள். உங்கள் குழந்தைக்கு வேறு மாதிரி இருக்கலாம். குறிக்கும் முறை மாறாது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். இந்தத் தெரபிக்கு அடிப்படையான சென்சரி இன்டக்ரேஷன் (புலன்கள் தரும் தகவலை மூளை ஒருங்கிணைப்பது) என்ற கருத்தை ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) முன்வைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. 2014-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், 10 வாரம் தெரபி பெற்ற குழந்தைகள் பெற்றோரோடு சேர்ந்து வகுத்த இலக்குகளில் கூடுதலாக முன்னேறினார்கள். 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 138 குழந்தைகள் இருந்தார்கள். அதில் வழக்கமான பராமரிப்பைவிட இந்தத் தெரபியால் கூடுதல் பலன் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-லேயே சொன்னது இதுதான்: சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், இலக்கையும் கால வரம்பையும் முதலிலேயே வையுங்கள், டயரி மாதிரி எளிய வழியில் பலனைக் கண்காணிக்கக் கற்றுக்கொடுங்கள். எனவே உங்கள் குழந்தைக்கு இது உதவுகிறதா என்பதை உங்கள் வீட்டு நோட்டுதான் சொல்ல வேண்டும்.

எதைக் குறிப்பது

மூன்று விஷயம் போதும். நான் முதல் நாள் 11 விஷயங்களைப் பட்டியலிட்டேன். தெரபிஸ்ட் எட்டை அடித்துவிட்டார். அவர் சொன்ன அளவுகோல் இரண்டு. அது குறைந்தால் குழந்தையின் நாள் உண்மையிலேயே சுலபமாக வேண்டும். அப்புறம், அதைக் கண்ணால் பார்த்து எண்ணவோ கடிகாரத்தில் அளக்கவோ முடிய வேண்டும். ‘பதற்றம்’, ‘கவனம்’, ‘பிடிவாதம்’ இவற்றை எண்ண முடியாது. அவை நாம் ஊகிப்பவை. ‘அழுதாள்’, ‘கையை உதறினாள்’, ‘12 நிமிடம் ஆனது’ இவற்றை எண்ணலாம், அளக்கலாம்.

எங்கள் மூன்று: காலையில் உடை மாற்ற ஆகும் நேரம், ஒரு நாளில் வரும் மெல்ட்டவுன்களின் (தேற்ற முடியாத அழுகைகளின்) எண்ணிக்கை, விளக்கை அணைத்ததிலிருந்து தூங்கும் வரை ஆகும் நேரம்.

இனிதான் பொறுமை வேண்டிய வேலை. ஒவ்வொன்றுக்கும் எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று எழுதி வைக்க வேண்டும். மெல்ட்டவுனுக்கு நாங்கள் எழுதியது இது: ‘ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் அழுவது, அந்த நேரத்தில் நாம் அணைத்தாலும் பேசினாலும் ஏற்காமல் இருப்பது. ஒரு முழு நிமிடம் அழாமல் இருந்தால் முடிந்தது. அதற்குப் பிறகு மறுபடி தொடங்கினால் அது புதியது.’ உடை மாற்றுவதற்கு: ‘உடையை அவள் முன் நீட்டும் நொடி தொடக்கம். கடைசிக் காலுறை போட்டதும் முடிவு.’ தூக்கத்துக்கு: ‘விளக்கை அணைக்கும் நொடி தொடக்கம். ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்தால், அந்த ஐந்து நிமிடத்தின் தொடக்கமே தூங்கிய நேரம்.’

இதை எழுதி ஒட்டும் வரை எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கணக்கு இருந்தது. சிணுங்கினாலே நான் ஒன்று எண்ணுவேன். என் கணவர் தரையில் விழுந்து புரண்டால்தான் எண்ணுவார். என் அம்மா பேத்திமேல் உள்ள பிரியத்தில் எண்ணவே மாட்டார். "குழந்தை அழாம பெரியவங்களா அழுவாங்க" என்பார்.

தீவிரத்தையும் சேர்க்க விரும்பினால் மூன்று படி போதும், ஒவ்வொரு படிக்கும் கண்ணில் தெரியும் அடையாளம் வையுங்கள். 1 என்றால் அழுகை மட்டும். 2 என்றால் தரையில் விழுவது, பொருளை எறிவது. 3 என்றால் தன்னையோ பிறரையோ அடிப்பது, கடிப்பது. ‘1 முதல் 10 வரை மதிப்பெண்’ என்று வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒரே சம்பவத்துக்கு நான் களைத்துப் போன நாளில் 8 போட்டிருந்தேன், ஓய்வாக இருந்த நாளில் 5.

தொடங்கும் முன் இரண்டு வாரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். தெரபி எதுவும் செய்யாமல் இரண்டு வாரம் எண்ணுங்கள். குழந்தை இப்படிக் கஷ்டப்படும்போது இன்னும் இரண்டு வாரம் சும்மா இருப்பதா என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தொடக்கம் எங்கே என்று தெரியாமல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்ல முடியாது.

எங்கள் முதல் வார மெல்ட்டவுன் 11. இரண்டாவது வாரம் 8. கவனியுங்கள், இந்த இரண்டு வாரமும் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. முதல் வாரம் முடிந்ததும், தெரபிக்காகத் தோலில் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் எடுத்திருந்தால், இந்த 8-ஐப் பார்த்துவிட்டு "ஒரே வாரத்தில் குறைந்துவிட்டது" என்று எல்லாரிடமும் சொல்லியிருப்பேன், நானும் முழுசாக நம்பியிருப்பேன்.

இது நம் எல்லாருக்கும் நடப்பது. நிலைமை மிகவும் மோசமான வாரத்தில்தான் நாம் உதவி தேடி ஓடுகிறோம். மிக மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம், அந்த நேரத்தில் நாம் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதன் கணக்கில் போய் விழும். அதோடு, நான்கு வயதுக் குழந்தை தெரபி இல்லாமலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பேச்சு கூடக் கூட அழுகை தானாகவும் குறையலாம். இரண்டு வாரம் எண்ணினால் இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதாவது நமக்குத் தெரியும்.

தன்னையே பலமாகத் தலையில் அடித்துக்கொள்வது மாதிரி ஆபத்து ஏதாவது இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். அங்கே எண்ணிக்கை முக்கியமில்லை.

குறிக்கும் முறை

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். நோட்டு சமையலறையில், பேனா அதிலேயே கட்டியிருக்க வேண்டும். செயலியில் பதிவது எனக்கு ஒத்துவரவில்லை. போனைக் கையில் எடுத்ததும் மகளும் அதைக் கேட்டாள், அதுவே ஒரு அழுகைக்குத் தொடக்கமாகிவிட்டது.

சம்பவம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் எழுதுங்கள். இரவில் யோசித்து எழுதும்போது கடைசியாக நடந்ததுதான் முழு நாளாகத் தெரியும். என் பழைய டயரியில் ‘மோசமான நாள்’ என்று எழுதிய பல நாட்களில் படுக்கும் நேரம் மட்டும்தான் மோசமாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

குழந்தை முன்னால் எழுதாதீர்கள். நாலாம் நாளே என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே நிமிர்ந்து, "அம்மா, எழுதாதே" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வலது பையில் பத்துப் பட்டன் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டன் இடது பைக்கு மாறும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம். அவள் அமைதியாகி வேறு பக்கம் போன பிறகுதான் நோட்டு. அவள் அழும்போது அம்மா அவளோடு இருக்க வேண்டும். கணக்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு மெல்ட்டவுனுக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பிறகு நாம் என்ன செய்தோம். என் நோட்டிலிருந்து ஒரு நாளின் பதிவு இது:

மாலை 4:20. முன்: பள்ளியிலிருந்து வந்து 15 நிமிடம், பையைத் திறந்து "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று கேட்டேன். செய்தது: அழுகை, தரையில் விழுந்தாள், பையை எறிந்தாள், 9 நிமிடம், படி 2. பின்: பாட்டி போன் கொடுத்தார், நின்றது.

இதில் ‘கோபத்தில்’, ‘வேண்டுமென்றே’, ‘அடம்பிடித்து’ மாதிரி சொற்கள் இல்லை. அவள் மனதுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேமரா எதைப் பார்க்குமோ அதை மட்டும் எழுத வேண்டும்.

பக்கத்தின் அடியில் நான்கு வரி மட்டும் தினமும் நிரப்புவேன்: முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள், மலம் கழித்தாளா, உடம்புக்கு ஏதாவதா, வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. விருந்தினர், பயணம், பள்ளியில் புது டீச்சர், எல்லாம் இங்கே வரும். இந்த நான்கு வரியை அலட்சியம் செய்யாதீர்கள். மலச்சிக்கல், காதுவலி, பல்வலி இவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு அவை நடத்தையாகத்தான் வெளிவரும். எங்கள் நோட்டில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய ஆறு நாட்களில் ஐந்தில் மெல்ட்டவுன் இரண்டுக்கு மேல் இருந்தது. எந்தப் பிரஷ்ஷும் ஊஞ்சலும் அந்த நாட்களைக் காப்பாற்றவில்லை. காய்ச்சல் வந்த நாட்களை அழிக்காமல் மேலே ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள். எங்களுக்கு 7-ஆம் வாரம் அப்படிப் போனது. அந்த வாரத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்று

முதல் தடவை மூன்றையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தோம்: பளு வேலை, பிரஷ்ஷிங், ஊஞ்சல். அப்படிச் செய்தால் பலன் வந்தாலும் எதனால் என்று தெரியாது, தொல்லை வந்தாலும் எதனால் என்று தெரியாது. இரண்டாம் தடவை ஒவ்வொன்றாகத் தொடங்கலாமா என்று நானே கேட்டேன், தெரபிஸ்ட் ஒத்துக்கொண்டார். நீங்களும் கேளுங்கள். கேட்பது அவரைச் சந்தேகிப்பது ஆகாது.

3-ஆம் வாரத்திலிருந்து பளு வேலை மட்டும். உடை மாற்றுவதற்கு முன் 15 நிமிடம். துணிக் கூடையைத் தள்ளிக்கொண்டு வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போவது, சுவரைக் கையால் தள்ளுவது, கரடி மாதிரி நாலு காலில் நடப்பது. தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் போவதுதான் இதில் முக்கியம். 6-ஆம் வாரம் பிரஷ்ஷிங்கைச் சேர்த்தோம். மென்மையான பிரஷ்ஷால் கை, கால், முதுகில் அழுத்தித் தேய்த்து, அதன் பிறகு மூட்டுகளில் மெல்ல அழுத்தம் கொடுக்கும் முறை. விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முகம், மார்பு, வயிறு தொடவே கூடாது. இதைக் காணொளி பார்த்துக் கற்காதீர்கள். தெரபிஸ்ட் உங்கள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஊஞ்சலைக் கடைசியாக, 11-ஆம் வாரத்தில் சேர்த்தோம்.

தெரபி செய்ததையும் குறியுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அவள் விரும்பி வந்தாளா, நடுவில் விலகினாளா. பிரஷ்ஷிங் ஒரு நாளைக்கு ஆறு தடவை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டு பெரும்பாலான நாட்களில் மூன்று அல்லது நான்கு என்று காட்டியது. செய்யாத தெரபிக்குப் பலன் எதிர்பார்க்க முடியாது, பலன் வரவில்லை என்று அதைக் குறை சொல்லவும் முடியாது.

குழந்தை விலகினால் நிறுத்திவிடுங்கள். எவ்வளவு நல்ல தெரபி என்றாலும் ‘வேண்டாம்’ என்று கையைத் தட்டிவிடும் குழந்தையைப் பிடித்து வைத்துச் செய்யக் கூடாது. அந்தத் தட்டிவிடலும் ஒரு பதிவுதான், எழுதுங்கள்.

நம் நம்பிக்கை கணக்கைக் கெடுக்கும் இடம்

பிரஷ்ஷிங் தொடங்கிய முதல் வார முடிவில் என் கணவர், "நல்லா அமைதியாயிட்டா, நீயே பாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நோட்டைக் கூட்டிப் பார்த்தால் மெல்ட்டவுன் 6, அதற்கு முந்தைய வாரம் 8. கொஞ்சம் குறைவுதான். ஆனால் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்பே, 4-ஆம் வாரத்தில் 7 வரை இறங்கியிருந்தது. ஒன்றிரண்டு கூடுவதும் குறைவதும் எங்கள் வீட்டில் வாரா வாரம் நடப்பதுதான். நாங்கள் பார்த்த அமைதி உண்மையா, ஆசையா?

பெற்றோர் கண்ணை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் ஆசையும் கலந்திருக்கிறது. 2014-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சில நாள் கனமான போர்வையும் சில நாள் அதே மாதிரி தோற்றமுள்ள சாதாரணப் போர்வையும் கொடுத்தார்கள். கையில் கட்டிய கருவி அளந்த தூக்க நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் கனமான போர்வைதான் பிடித்திருந்தது. பிடித்திருப்பதும் ஒரு நல்ல காரணம்தான். ஆனால் தூக்கம் கூடியதா என்பது வேறு கேள்வி.

இதற்கு நாங்கள் செய்தது இரண்டு. வாரத்தில் ஒரு மாலை நானும் கணவரும் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாகக் குறித்தோம். முதல் தடவை எனக்கு 4, அவருக்கு 2. எங்கே வேறுபட்டோம் என்று பேசி, வரையறையில் ‘ஒரு நிமிடம்’ என்பதைக் கடிகாரம் பார்த்தே எண்ணுவது என்று முடிவு செய்தோம். மூன்றாம் தடவையிலிருந்து இருவரும் ஒரே எண்ணுக்கு வந்தோம். இரண்டாவது, ஞாயிறு காலை உடை மாற்றும்போது இரண்டு நிமிடக் காணொளி. அதே அறை, அதே நேரம். முதல் வாரத்தையும் எட்டாம் வாரத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான், காலுறை போடும்போது அவள் கால்விரலைச் சுருட்டிக்கொள்வது நின்றுவிட்டது என்று தெரிந்தது. எந்த எண்ணிலும் வராத மாற்றம் அது. இந்தக் காணொளிகள் தெரபிஸ்டுக்கும் எங்களுக்கும் மட்டும். உறவினர் குழுவில்கூடப் போடவில்லை, உங்கள் குழந்தையுடையதையும் போடாதீர்கள்.

முடிந்தால் உங்கள் தெரபி அட்டவணை தெரியாத ஒருவரிடமும் கேளுங்கள். பள்ளி டீச்சரிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் வாரம் ஒருமுறை ஒரே கேள்வியை மட்டும் கேட்டேன்: "இந்த வாரம் எத்தனை நாள் வட்டமாக உட்காரும் நேரத்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்தாள்?"

வாரக் கணக்கு

ஞாயிறு இரவு 20 நிமிடம் போதும். நேர அளவுக்குச் சராசரி எடுக்காதீர்கள். ஏழு நாள் எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் நான்காவது எண்ணை எடுங்கள். எங்கள் முதல் வார உடை மாற்றும் நேரங்கள்: 9, 14, 16, 18, 19, 22, 41. நடு எண் 18. சராசரி எடுத்தால் 20-ஐத் தொடும், அந்த ஒரு 41 நிமிடக் காலை மொத்த வாரத்தையும் மேலே இழுத்துவிடுகிறது. அந்த 41-க்குக் காரணம் புதுச் சீருடை.

பிறகு கட்டம் போட்ட தாளில் வாரத்துக்கு ஒரு புள்ளி. புதிதாக ஒன்றைத் தொடங்கும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புள்ளிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஒரு புள்ளி இறங்கினால் மகிழ்ச்சி அடையலாம், முடிவெடுக்க வேண்டாம். தொடக்க வாரங்களின் மிகக் குறைந்த புள்ளியையும்விடக் கீழே மூன்று புள்ளி தொடர்ந்து நின்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உடை மாற்றும் நேரம் தொடக்கத்தில் 18, 17. பளு வேலை சேர்த்த மூன்று வாரங்களில் 15, 12, 10. இது பார்த்தாலே தெரிகிறது. பிரஷ்ஷிங் சேர்த்த பிறகு காய்ச்சல் வாரத்தை விட்டுவிட்டால் 10, 10. அதற்கு மேல் இறங்கவில்லை. மெல்ட்டவுனும் தூங்கும் நேரமும் பிரஷ்ஷால் அசையவில்லை. தெரபிஸ்டிடம் தாளைக் காட்டினேன். "இரண்டு வாரம் பிரஷ்ஷை மட்டும் நிறுத்திப் பார்ப்போம்" என்றார். நிறுத்தினோம். உடை மாற்றும் நேரம் 10, 11. மெல்ட்டவுன் 7, 6. ஏறவில்லை. பிரஷ்ஷை எடுத்து வைத்துவிட்டோம். வேறு குழந்தைக்கு அது உதவலாம். என் மகளுக்கு உதவவில்லை, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் விளையாட்டை நிறுத்தி அழைத்து வந்த அத்தனை நேரமும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. எனக்கு இதில் பெரிய நிம்மதி.

இப்படி நிறுத்திப் பார்ப்பதைத் தெரபிஸ்டோடு பேசித்தான் செய்ய வேண்டும். பேசக் கற்றுக்கொள்வது மாதிரி ஒரு திறனைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியை நிறுத்திச் சோதிப்பதில் அர்த்தமும் இல்லை, கற்றது நிறுத்தினாலும் இருக்கும்.

ஊஞ்சல் வேறு பாடம் கற்றுக்கொடுத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வேகமாகச் சுற்றிவிடுவோம், அவள் சிரித்துக் கும்மாளம் போடுவாள். தூங்க ஆகும் நேரம் அதுவரை 45 முதல் 55 நிமிடத்துக்குள்தான் இருந்தது. 11-ஆம் வாரம் 70, 12-ஆம் வாரம் 75 ஆனது. குறிக்காமல் இருந்திருந்தால் "இப்பெல்லாம் தூங்கவே மாட்டேங்கிறா" என்று வேறு காரணம் தேடியிருப்போம். உள்காதின் சமநிலை உணர்வுக்குச் சுழற்சி பலமான தூண்டல், அதன் விளைவு ஊஞ்சலை விட்டு இறங்கியதும் முடிந்துவிடாது என்று தெரபிஸ்ட் விளக்கினார். மெதுவாக முன்னும் பின்னுமாக மட்டும் ஆட்டுவது, அதையும் மாலைக்கு முன்பே முடிப்பது என்று மாற்றினோம். 13-ல் 50, 14-ல் 40.

ஊஞ்சலில் இருக்கும்போதே பார்க்க வேண்டியவையும் உண்டு. முகம் வெளுப்பது, வியர்ப்பது, குமட்டல், தொடர்ந்து கொட்டாவி, திடீரென்று சோர்ந்து தூக்கம் வருவது, அடக்க முடியாத சிரிப்பு. எது வந்தாலும் அத்தோடு நிறுத்தி, நேரத்தைக் குறித்து, அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள். கனமான போர்வை அல்லது உடை பயன்படுத்தினால் குழந்தை தானாக அதை விலக்க முடிய வேண்டும். கைக்குழந்தைக்குக் கனமான எதையும் போர்த்தவே கூடாது.

பேசிக்கொண்டிருந்த சொற்களை இழப்பது, முன்பு செய்த வேலையை மறப்பது, தொட்டு அழைத்தாலும் திரும்பாமல் சில நொடி வெறித்துப் பார்ப்பது, வெட்டி இழுப்பது, இவை நோட்டில் எழுதிக் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் அந்த வெறித்த பார்வையைப் படம் எடுத்துக் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அவருக்கு அது உதவும்.

நான் தாமதமாகப் பார்த்தது

இலக்கைத் தொடக்கத்திலேயே ஐந்து படியாக எழுதச் சொன்னார் தெரபிஸ்ட். 1968-ல் மனநலத் துறையில் உருவான முறை இது, இப்போது தெரபிஸ்டுகள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். உடை மாற்ற 18 நிமிடம் என்ற அன்றைய நிலைதான் எங்களுக்கு அடிப்படி. நடுப்படி, அதாவது எதிர்பார்க்கும் நிலை, 12 நிமிடம். அதற்கு மேல் 8. எல்லாவற்றுக்கும் மேலே, அவளே உடையைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொள்வது. முன்பே எழுதி வைத்ததால், 10 வந்தபோது ‘இன்னும் வேகமாக வேண்டும்’ என்று கோட்டை நகர்த்தாமல், எதிர்பார்த்ததைத் தாண்டிவிட்டோம் என்று சொல்ல முடிந்தது.

ஆனால் மெல்ட்டவுன் 6, 7 என்று அங்கேயே நின்றது. பத்தாவது வார முடிவில்தான் பழைய பக்கங்களின் ‘முன்’, ‘பின்’ கட்டங்களை உட்கார்ந்து எண்ணினேன். முதல் இரண்டு வாரத்தின் 19 மெல்ட்டவுன்களில் 12, பள்ளியிலிருந்து வந்த ஒரு மணி நேரத்துக்குள். அந்த 12-ல் 8 போன் கொடுத்ததும் நின்றவை. விடை இரண்டாவது வாரத்திலேயே என் கையெழுத்தில் இருந்திருக்கிறது. வார எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு கட்டங்களைப் படிக்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் இரண்டாவது வாரமே படித்துவிடுங்கள்.

அதற்குத் தெரபி எதுவும் தேவைப்படவில்லை. ஊஞ்சல் சோதனை முடியட்டும் என்று காத்திருந்து, 15-ஆம் வாரத்திலிருந்து மாற்றினோம். பள்ளியிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் திரைச்சீலை இழுத்த அறை, தலையணைக் குவியல். யாரும் கேள்வி கேட்பதில்லை, பையைத் திறப்பதில்லை, போனும் இல்லை. பாட்டி பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் 4, அடுத்த வாரம் 3. இன்னும் இரண்டு புள்ளிதான் ஆகியிருக்கிறது, முடிவாகச் சொல்ல இன்னும் ஒரு புள்ளியாவது வேண்டும். உடை மாற்றும் நேரத்தைத் தினமும் அளப்பதை நிறுத்திவிட்டேன், ஞாயிறு மட்டும் பார்க்கிறேன். அந்த இடத்தில் இப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை எழுதியிருக்கிறேன். இதுவரை ஐந்து நாள் எண்ணியாகிவிட்டது. இரண்டு வாரம் முடியும் வரை எதையும் மாற்றப் போவதில்லை.